எங்கள் வீட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு எந்த நாட்டுக் கார்?

அரசலாற்றங்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருவிடைமருதூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் எங்கள் பூர்விக வீட்டைச் சென்ற மாதம் ஓடு மாற்றுவதற்காக ஒழித்தோம். அப்போது பத்தாயத்துக்கு அடியில், எலிப் புழுக்கைக்கும் உமிக்கும் நடுவே, உள்ளங்கை நீளத்தில் ஓர் உலோகச் சின்னம் கிடைத்தது. புளி போட்டுத் தேய்த்த பிறகு ‘ஸ்டாண்டர்டு’ என்ற ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. கொல்லைப்புறத்து வண்டிக்கொட்டகையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக வைக்கோல் போருக்கும் உடைந்த பரம்புப் பலகைக்கும் துணையாக நிற்கும் தாத்தாவின் ஹெரால்டு காரிலிருந்து அது எப்போதோ கழன்று, யாரோ ஒருவரால் பத்திரப்படுத்தப்பட்டிருக்கிறது.

சின்னம் கிடைத்த அன்று மாலையே வீட்டில் வழக்கு தொடங்கிவிட்டது. எண்பத்து நான்கு வயதான பெரியப்பா, இது மெட்ராஸ் கம்பெனியின் கார் என்றும், வண்டலூரில் தாமே தொழிற்சாலை வாசல்வரை போய்ப் பார்த்திருப்பதாகவும், வெள்ளைக்காரனுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றும் அடித்துச் சொல்கிறார். சித்தப்பாவோ, இது முழுக்க இங்கிலாந்துக் கார், பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்ததை இங்கே திருகாணி முடுக்கியதைத் தவிர நம்மவர்கள் வேறொன்றும் செய்யவில்லை என்கிறார். இடையில் புகுந்த மாமா, “அசோக் லேலண்டுகூட ஆதியில் கார்தான் செய்தது, அது தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்கப்போய், கும்பகோணம் பேருந்து நிலையத்தில் நிற்கும் வண்டிகளை எண்ணிப் பார்த்து எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் காபியைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்து போனார்.

என் கேள்விகள் இவை. ஸ்டாண்டர்டு யாருடைய நிறுவனம்? மாமா சொன்னதில் உண்மை உண்டா? அம்பாசடருக்குத் தாய் என்று சொல்லப்படும் மோரிஸ், பழைய பண்ணையார் வீடுகளில் நின்றதாகப் பெரியவர்கள் சொல்லும் ஆஸ்டின் ஆகியவற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? கூடவே ஒரு சிறிய கேள்வி: காரை வாங்கியது 1966இல், அத்தையின் திருமணத்துக்கு முன்பு என்று பெரியப்பாவும், 1970இல், திருமணத்துக்குப் பின்பு என்று சித்தப்பாவும் சொல்கிறார்கள். பதிவுப் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. காரைப் பார்த்தே காலத்தைச் சொல்ல வழி உண்டா?

பழைய ஸ்பேனர், மயிலாடுதுறை

தம்பி, நாற்பத்திரண்டு ஆண்டுகள் பட்டறை வைத்திருந்தேன். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். ஹெரால்டு என்ற பெயரைப் பார்த்ததும் கை பரபரக்கிறது.

பெரியப்பா சொல்வதும் சரி, சித்தப்பா சொல்வதும் சரி. வண்டலூரில் காரைச் செய்தது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற சென்னை நிறுவனம். 1948இல் யூனியன் கம்பெனி மோட்டார்ஸ் என்ற சென்னை வணிக நிறுவனம், இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கியது அது. முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு 10, பென்னன்ட், 1961இல் ஹெரால்டு என்று வரிசையாக வந்தன. தொடக்கத்தில் சித்தப்பா சொல்வதுபோலக் கழற்றிய பாகங்களைத் தருவித்துப் பூட்டியதுதான். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு உள்நாட்டுப் பாகங்கள் கூடிக்கொண்டே வந்து, கடைசியில் இங்கிலாந்தில் இல்லாத உருவங்களையே வண்டலூரில் செய்தார்கள். பெரியப்பா வண்டலூருக்குப் போன காலம் பிற்காலமாக இருக்கும்.

கவென்ட்ரி நிறுவனத்தை 1903இல் தொடங்கியவர் ரெஜினால்டு மாட்ஸ்லே. லண்டனில் தேம்ஸ் நதியின் குறுக்கே டவர் பாலத்தைக் கட்டிய பொறியாளர் ஜான் வுல்ஃப் பாரியிடம் வேலை பார்த்தவர் அவர். ஒரு பாகம் கெட்டால் அதே அளவில் மற்றொன்றைப் பொருத்தும்படி, சோதித்துப் பார்த்து நிலைபெற்ற அளவுகளில் காரைச் செய்ய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஸ்டாண்டர்டு என்ற பெயர் அதிலிருந்து வந்தது. 1940களின் நடுவில் அதே ஊரில் நொடித்துக் கிடந்த டிரையம்ஃப் என்ற நிறுவனத்தை ஸ்டாண்டர்டு வாங்கியது. அதனால்தான் உங்கள் கார் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்றும், நம்மிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றும் பெயர் பெற்றது. (இன்று இளைஞர்கள் ஓட்டும் டிரையம்ஃப் மோட்டார் சைக்கிளுக்கும் இதற்கும் ஆதிப் பெயர் ஒன்றுதான், ஆனால் அந்தப் பிரிவு 1936லேயே தனியாக விற்கப்பட்டுவிட்டது.)

ஹெரால்டைப் பற்றிப் பட்டறைக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். கொட்டகையில் போய்ப் பாருங்கள்: பானெட் தனி, மட்கார்டு தனி என்று இருக்காது. முன்பக்கம் முழுவதுமே, விளக்குகளும் இரண்டு பக்கத்து மட்கார்டுகளும் சேர்ந்து, பாம்பு வாயைத் திறப்பதுபோல முன்னால் சாய்ந்துகொள்ளும். திறந்துவிட்டால் என்ஜின், ரேடியேட்டர், முன்சக்கரம், ஸ்டியரிங் கம்பி எல்லாம் வெட்ட வெளியில் தெரியும். மற்றக் கார்களில் மட்கார்டின்மேல் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு கையை உள்ளே விட வேண்டிய வேலையை, ஹெரால்டில் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, தேநீர் டம்ளரைச் சட்டத்தின்மேல் வைத்துவிட்டு, சாவகாசமாகச் செய்யலாம். என் குருநாதர் இந்தக் காரை ‘உட்கார்ந்து பார்க்கும் உத்தியோகம்’ என்பார்.

அப்படி அமைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்குக் கார்க்கூடு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்ற நிறுவனத்தை, 1953இல் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் அடித்துக் கொடுக்க ஆள் இல்லாமல் போகவே, அடியில் தனிச் சட்டம் ஒன்றை வைத்து, கூட்டைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, போல்ட்டுப் போட்டு இணைக்கும்படி காரை வகுத்தார்கள். அதற்கு அழகான உருவம் கொடுத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவானி மிக்கலோட்டி. 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அங்கே நெருக்கடியில் பிறந்த அந்தத் துண்டுக் கூடு, பெட்டியில் அனுப்பி வேறு நாட்டில் பூட்டுவதற்கு மிகவும் தோதாகப் போய்விட்டது.

காலக் கணக்குக்கு வருகிறேன். இரண்டு கதவா, நான்கு கதவா என்று பாருங்கள். 1968இல் மார்க் 3 என்று நான்கு கதவு ஹெரால்டை வண்டலூரில் வெளியிட்டார்கள். அது இந்தியாவுக்கு மட்டுமே உரிய உருவம். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் அடியில் குனிந்து பாருங்கள். இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவே குறுக்காக ஒரே ஒரு வில் பட்டைக் கட்டு இருந்து, சக்கரத்துக்கு ஒன்றாக அச்சு தனித்தனியே மேலும் கீழும் ஆடும்படி இருந்தால் அது ஹெரால்டு. ஒரே குழலுக்குள் முழு அச்சு இருந்தால் அது ஹெரால்டுக்கு அடுத்து 1970களின் தொடக்கத்தில் வண்டலூரில் வந்த கெஸல் என்ற கார். நம் சாலைகளுக்கு அந்த ஆடும் அச்சு ஒத்துவராது என்று கருதித்தான் கெஸலில் மாற்றினார்கள்.

வெண்ணாற்று வாத்தியார், தஞ்சாவூர்

ஸ்பேனர் ஐயா காரைத் திறந்து காட்டிவிட்டார்; நான் குடும்ப மரத்தை வரைய முயல்கிறேன். முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்பதால் சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

முதலில் உங்கள் மாமாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. 1948 செப்டம்பரில் ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அசோக் என்பது அவருடைய மகனின் பெயர். சென்னைக்கு வடக்கே எண்ணூரில் அமைந்த அதன் தொழிற்சாலையில் முதலில் பூட்டப்பட்டது இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ40 கார்தான். லாரிகளுக்காக லேலண்டு நிறுவனத்தோடு 1950இல் உடன்பாடு கண்டார்கள். 1955இல் லேலண்டு பங்குதாரராகச் சேர்ந்த பிறகு அசோக் லேலண்டு என்ற பெயர் வந்தது. காரை விட்டுவிட்டுக் கனரக வண்டிகளோடு நின்றுகொண்டார்கள். பண்ணையார் வீட்டு ஆஸ்டின் என்று நீங்கள் கேள்விப்பட்டவற்றில் சில எண்ணூரில் பூட்டப்பட்டவையாக இருக்கக்கூடும்.

அம்பாசடருக்கு வருவோம். பி.எம். பிர்லா 1942இல் தொடங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ், குஜராத்தின் ஓகா துறைமுகத்திலிருந்து 1948இல் கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவுக்கு இடம் மாறியது. மோரிஸ் கார்களையே வேறு பெயர்களில் செய்துவந்த அந்த நிறுவனம், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை எடுத்து அம்பாசடர் என்று பெயரிட்டது. அந்த மோரிஸைத் தோற்றுவித்த வில்லியம் மோரிஸ், ஆக்ஸ்ஃபோர்டில் 1893இல், பதினாறு வயதில், நான்கு பவுன் முதலோடு சைக்கிள் பழுதுபார்க்கத் தொடங்கியவர். 1913இல் முதல் காரை வெளியிட்டார். பிற்காலத்தில் நஃபீல்டு பிரபு ஆகி, பல்கலைக்கழகத்துக்கு ஒரு கல்லூரியையே கட்டிக் கொடுத்தார். எம்.ஜி. என்ற கார்ப் பெயர்கூட அவருடைய மோரிஸ் காரேஜஸ் என்ற கடைப்பெயரின் சுருக்கம்தான். ஆஸ்டினைத் தொடங்கியவர் ஹெர்பர்ட் ஆஸ்டின்; 1905இல் பர்மிங்காமுக்கு அருகே லாங்பிரிட்ஜில். அவருடைய ஆஸ்டின் 7 என்ற சின்னக் காரை உரிமம் பெற்றுச் செய்த ஜெர்மானியத் தொழிற்சாலையை 1928இல் வாங்கித்தான் பி.எம்.டபிள்யூ. கார்த் தொழிலுக்குள் நுழைந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

பரம வைரிகளாக இருந்த ஆஸ்டினும் மோரிஸும் 1952இல் ஒன்றாகி பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆயின. ஸ்பேனர் ஐயா சொன்ன, ஸ்டாண்டர்டின் கூடு அடிக்கும் கடையை வளைத்துப் போட்ட போட்டியாளர் இதுவே. மறுபக்கம், லாரி செய்துவந்த லேலண்டு 1961இல் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃபை வாங்கியது. 1968இல் இந்த இரண்டு பக்கங்களும், இடையில் ஜாகுவாரையும் சேர்த்துக்கொண்டு, அரசாங்கத்தின் தூண்டுதலால் பிரிட்டிஷ் லேலண்டு என்ற ஒரே நிறுவனமாக இணைந்தன.

இங்கே சற்று நின்று பாருங்கள். 1968ஆம் ஆண்டில் உங்கள் தாத்தா கும்பகோணத்துக்குத் தம் ஹெரால்டில் போகிறார். எதிரே ஓர் அம்பாசடர் டாக்சி வருகிறது. இரண்டையும் ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டு பின்னால் ஒரு லேலண்டு பேருந்து வருகிறது. வண்டலூர், உத்தர்பாரா, எண்ணூர் என்று மூன்று ஊர்களில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று இந்திய நிறுவனங்கள் செய்த வண்டிகள் அவை. ஆனால் அந்த மூன்றின் பிறந்த வீடும் அந்த ஆண்டில் இங்கிலாந்தில் ஒரே கூரையின்கீழ் வந்துவிட்டது. நம் ஊர்ச் சாலையில் முட்டிக்கொண்டவர்கள் சம்பந்திகள் என்பது அவர்களுக்கே தெரியாது.

அந்தக் கூட்டுக்குடும்பம் உருப்படவில்லை. ஒரே அளவுக் காரை ஒரே நிறுவனத்துக்குள்ளேயே இரண்டு மூன்று பெயர்களில் செய்து தமக்குத் தாமே போட்டியாக நின்றது, ஓயாத வேலைநிறுத்தங்கள், தரக்குறைவு பற்றிய புகார்கள் எனப் பல காரணங்களைச் சொல்வார்கள். தொழிலாளர்மீது மட்டும் பழியைப் போடும் வழக்கமான விளக்கத்தை நான் ஏற்பதில்லை. வேரோடு பிடுங்கி நடுவதற்கு முன் எந்த நாற்று எந்த வயலுக்கு என்று முடிவு செய்யாத நிர்வாகத்தின் குற்றமே பெரிது. 1975இல் அரசுடைமை ஆயிற்று. 1986இல் ரோவர் குழுமம் என்று பெயர் மாறியது. 1994இல் அதை வாங்கியது யார் தெரியுமா? ஆஸ்டின் 7ஐப் பார்த்துக் கார் செய்யக் கற்ற அதே பி.எம்.டபிள்யூ. ஆறே ஆண்டுகளில் நட்டம் தாங்காமல் மினி என்ற சின்னக் காரை மட்டும் வைத்துக்கொண்டு, லேண்டு ரோவரை ஃபோர்டுக்கு விற்று, எஞ்சிய ரோவரைப் பெயருக்கு 10 பவுன் விலையில் ஒரு குழுவிடம் கைமாற்றியது. 2005இல் அதுவும் விழுந்தது.

பெயர்களின் இன்றைய முகவரி இன்னும் விசித்திரமானது. எம்.ஜி. என்ற பெயர் சீனாவின் சாய்க் நிறுவனத்திடம் போய், 2019இல் குஜராத்தின் ஹாலோல் வழியாக நம்மிடமே கடைக்கு வந்தது. ஜாகுவாரும் லேண்டு ரோவரும் 2008இல் டாடாவிடம் வந்தன. அவற்றோடு ரோவர் என்ற பெயரும் வந்துவிட்டது. டிரையம்ஃப் என்ற கார்ப் பெயர் பி.எம்.டபிள்யூவிடம் தூங்குகிறது. மோரிஸ் இங்கிலாந்தில் 1984இல் மறைந்தது; அதன் வாரிசான அம்பாசடர் உத்தர்பாராவில் 2014 மே வரை உயிரோடு இருந்தது. உங்கள் பத்தாயத்துச் சின்னத்தின் கதையும் அதுவே: ஸ்டாண்டர்டு என்ற பெயரை இங்கிலாந்தில் 1963இலேயே கைவிட்டுவிட்டார்கள். அதன்பிறகு கால் நூற்றாண்டு காலம், அந்தப் பெயரைக் காரில் ஒட்டிக்கொண்டிருந்த இடம் வண்டலூர். எனவே உங்கள் பெரியப்பாவின் வாதத்துக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன்.

கடைமடை விவசாயி, வேதாரண்யம்

நான் கார் வைத்திருப்பவன் அல்லன்; டிராக்டர் வைத்திருப்பவன். ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் என்ஜினும் ஃபெர்குசன் டிராக்டரின் என்ஜினும் ஒன்றே என்று எங்கோ படித்திருக்கிறேன். அப்படியென்றால், சம்பா நடவுக்குக் கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் இறங்கும் என்னுடைய மாசி ஃபெர்குசனும் அரசலாற்றங்கரை அவர்களின் ஹெரால்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லிக்கொள்ளலாமா?

பழைய ஸ்பேனர், மயிலாடுதுறை

பாதி உண்மை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஹேரி ஃபெர்குசனுடைய சாம்பல் நிற டிஇ20 டிராக்டரைக் கவென்ட்ரியில் செய்து கொடுத்தது ஸ்டாண்டர்டு நிறுவனமே. 1946 முதல் பத்தே ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். வேன்கார்டு காருக்காக உருவான என்ஜினின் வகையைத்தான் அந்த டிராக்டரிலும் வைத்தார்கள். சிலிண்டருக்குள் செருகும் குழலான லைனரைத் தண்ணீர் நேரடியாகச் சுற்றிவரும் அமைப்பு அதில். தேய்ந்தால் லைனரை உருவி எடுத்துப் புதிதைப் போட்டுக்கொள்ளலாம், பிளாக்கைக் கடைசல் பட்டறைக்குத் தூக்க வேண்டியதில்லை. ஒருமுறை உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர் என்னிடம் வேறு அளவு லைனர் சீல் வளையத்தைத் தலையில் கட்டிவிட்டார். இரண்டு நாள் கழித்து என்ஜின் எண்ணெய் தண்ணீர் கலந்து மோர் நிறத்துக்கு வந்தபோதுதான் தெரிந்தது. அந்தப் பாடத்துக்குப் பின் வளையத்தை விரலில் சுற்றி அளந்து பார்க்காமல் வாங்குவதில்லை.

ஆனால் உங்கள் டிராக்டர் வேறு கிளை. மாசி ஃபெர்குசனை நம் நாட்டில் செய்யும் டாஃபே 1960இல் சென்னையில் தொடங்கப்பட்டது. அதில் ஓடுவது சிம்சன் என்ஜின், அதன் பூர்விகம் பெர்க்கின்ஸ். ஹெரால்டில் இருப்பதோ 948 சி.சி. சின்ன பெட்ரோல் என்ஜின். அதுவும் வேன்கார்டு வகை அன்று. ஆகவே தம்பி உறவு கிடையாது. ஃபெர்குசன் என்ற பெயர் வழியில் தூரத்துப் பங்காளி என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வேன்கார்டு என்ஜினுக்கு ஒரு சோகமான கடைசி அத்தியாயம் உண்டு. கெஸல் நின்றபிறகு வேன்களை மட்டும் செய்துகொண்டிருந்த வண்டலூர்க்காரர்கள், 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை வெளியிட்டார்கள். அதன் உடல், 1977இல் ஐரோப்பாவின் அந்த ஆண்டுக் காராகத் தேர்வான ரோவர் எஸ்.டி.1. ஆனால் அந்த நவீன உடலுக்குள் வைத்தது வேன்கார்டு வழிவந்த 1991 சி.சி. என்ஜின். பட்டு வேட்டிக்குள் கோவணத்தைக் கட்டியதுபோல என்று அந்நாளில் பட்டறைகளில் கேலி பேசினோம். விலையும் அதிகம், பெட்ரோல் குடியும் அதிகம். 1988இல் உற்பத்தி நின்றது, கம்பெனியும் எழவில்லை.

நெசவுத் தெரு, திருபுவனம்

வாத்தியார் ஐயா இங்கிலாந்துக் குடும்பம் சிதைந்த கதையை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டார். அந்த இடத்துக்கு வந்து அமர்ந்தவர்கள் எங்கள் தொழிலிலிருந்து போனவர்கள் என்பதால் நான் குறுக்கிட வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் இன்றும் இரண்டு பட்டுத்தறிகள் இருக்கின்றன.

ஸ்டாண்டர்டு 2000 வருவதற்கு ஓராண்டுக்கு மேல் முன்னதாகவே, 1983 டிசம்பரில், மாருதி 800 வந்துவிட்டது. மாருதியோடு கைகோத்த சுசுகி, 1909இல் ஜப்பானின் ஹமமட்சு ஊரில் தறி செய்யும் பட்டறையாகத் தொடங்கியது. தச்சு வேலை பழகிய மிச்சியோ சுசுகி முதலில் செய்த தறி அவருடைய தாயாருக்காக. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தறியே தொழில். 1952இல் சைக்கிளில் பூட்டும் சிறு மோட்டார், 1955இல் முதல் கார்.

டொயோட்டா அதைவிட ஆழமான கதை. சகிச்சி டொயோடா 1924இல் நிறைவு செய்த தானியங்கித் தறி, குறுக்கு நூலான ஊடையைக் கொண்டுசெல்லும் நாடாவை ஓட்டத்தை நிறுத்தாமலே மாற்றிக்கொள்ளும். நீளவாட்டு நூலான பாவில் ஓர் இழை அறுந்தால் தானே நின்றுவிடும். நெய்யாதவர்களுக்கு இதன் அருமை தெரியாது. எங்கள் தறியில் இழை அறுந்ததைக் கவனிக்காமல் நான்கு விரற்கடை நெய்துவிட்டால், புடவையின் உடலில் தலைமயிர் அளவுக் கோடு ஒன்று விழும். அதை மறைக்க முடியாது, ஊடையை ஒவ்வோர் இழையாக உருவிப் பின்னோக்கிப் போக வேண்டும். அப்பா கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கண்டுபிடிப்பார்; அச்சு அடிக்கும் ஓசை மாறுமாம். அந்தக் காதை இரும்பில் செய்துவைத்தார் சகிச்சி. கோளாறு கண்ட நொடியில் வேலையை நிறுத்து, கெட்ட சரக்கை அடுத்த ஆளுக்குத் தள்ளாதே என்ற அதே நெறியை, டொயோட்டா பிற்காலத்தில் கார்த் தொழிற்சாலையில் ஜிடோகா என்ற பெயரில் கடைப்பிடித்தது.

அந்தத் தறியின் உரிமையை 1929இல் ஒரு லட்சம் பவுனுக்கு விலைபேசி வாங்கியது இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள ஓல்டம் ஊரின் பிளாட் பிரதர்ஸ். மகன் கிச்சிரோ டொயோடா 1933இல் தறி நிறுவனத்துக்குள்ளேயே கார்ப் பிரிவைத் தொடங்கி, 1937இல் தனி நிறுவனமாக்கினார். பெயரை டொயோட்டா என்று மாற்றியதற்கு, ஜப்பானிய எழுத்தில் எழுத எட்டுக் கோடுகள் போதும், அது ராசியான எண் என்பதும் ஒரு காரணம். இந்த விஷயத்தில் அவர்கள் நம் ஊர்க்காரர்கள் போலவே. லேலண்டு என்பதும் அதே லங்காஷயரில் உள்ள ஓர் ஊர் என்பதை வாத்தியார் ஐயா விட்டுவிட்டார். தறிக்கும் லாரிக்கும் பெயர்பெற்ற ஒரு சீமை, தறி உரிமையைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு, கார்ச் சந்தையை அதே தறிக்காரர்களிடம் பறிகொடுத்திருக்கிறது.

வெண்ணாற்று வாத்தியார், தஞ்சாவூர்

குட்டு ஏற்றுக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: இங்கிலாந்துக் கார்கள் நம்மிடம் இத்தனை காலம் நீடித்ததற்கு அவற்றின் சிறப்பு மட்டும் காரணம் அன்று. 1953இல் சுங்கவரிக் குழுவின் பரிந்துரைக்குப் பின், உள்நாட்டிலேயே செய்யும் திட்டம் இல்லாமல் வெறுமனே பூட்டி விற்பவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. இங்கே பல ஆண்டுகளாகக் கார் பூட்டிவந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அப்போது மூட்டை கட்டின. பிறகு முப்பது ஆண்டுகள், கார் என்றால் பெரும்பாலும் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்ற மூன்றுதான். தண்ணீர் பாயாத வாய்க்காலில் வெங்காயத் தாமரை செழிப்பதுபோல, வெளியே செத்துப்போன மாதிரிகள் இங்கே தழைத்திருந்தன.

அரசலாற்றங்கரை

அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பதில்கள் முழுவதையும் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். மாமாவை அதற்காகவே வரவழைத்தோம். எண்ணூர்ப் பகுதி வந்தபோது, அதை மறுபடி ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார், இந்த முறை காபி இரண்டு டம்ளர். பிரிட்டிஷ் லேலண்டு பகுதியில் சித்தப்பா தலையசைத்தார். ஸ்டாண்டர்டு என்ற பெயர் இங்கிலாந்தில் 1963இலேயே போய்விட்டது என்றபோது பெரியப்பா, “நான் என்ன சொன்னேன்?” என்று மட்டும் கேட்டார், அவர் அதைச் சொல்லவில்லை என்பதை யாரும் நினைவூட்டவில்லை.

பிறகு கொட்டகைக்குப் போனோம். வைக்கோலை விலக்கியபோது உள்ளேயிருந்து ஒரு கோழி பறந்தது. பின்னிருக்கையில் ஆறு முட்டைகள் இருந்தன. கதவுகள் இரண்டே. டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் மல்லாந்து படுத்துப் பார்த்ததில், ஸ்பேனர் ஐயா சொன்னபடியே, சக்கரங்களுக்கு நடுவே குறுக்காக ஒரே வில் பட்டைக் கட்டு, துரு ஏறிக் கருவாட்டு நிறத்தில் இருக்கிறது. அப்படியானால் 1968க்கு முற்பட்ட கார் என்று கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சித்தப்பா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. 1970இல் பழைய காராக வாங்கியிருக்கலாம் அல்லவா என்கிறார்.

முன்பக்கத்தைத் திறந்து பார்க்கவும் முயன்றோம். ஒரு பக்கத்துக் கொக்கி விடுபட்டது. மறுபக்கத்துக் கொக்கி அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறேன். எவ்வளவு நேரம் ஊறவிட வேண்டும் ஐயா?

பழைய ஸ்பேனர், மயிலாடுதுறை

இரண்டு நாள் ஊறட்டும், சுத்தியலைத் தொடாதீர்கள். வியாழக்கிழமை நானே வருகிறேன். கோழியை மட்டும் வேறிடத்தில் அடைகாக்க வையுங்கள்.